கொள்கலக் கொத்தில் உள்ளமைந்த சேமிப்பு இயக்கியை நிறுத்துவது எப்படி?

இன்று இணையத்தில் நாம் பார்க்கும் வலைத்தளங்கள் பலவும் ஒரே கணினியில் குடியிருப்பவை அல்ல. பல கணினிகளை ஒன்றாகக் கட்டி, அவற்றின்மேல் 'கண்டெய்னர்' எனப்படும் கொள்கலன்களில் நிரல்களை ஓட்டுகிறார்கள். இப்படிக் கட்டப்பட்ட கணினிக் கூட்டத்துக்குக் 'கிளஸ்டர்' என்று பெயர். தமிழில் கொத்து எனலாம். அந்தக் கொத்தோடு கூடவே வரும் சேமிப்பு இயக்கியை ('ஸ்டோரேஜ் டிரைவர்'), உள்ளே இருக்கும் தரவுக்குச் சேதமில்லாமல் எப்படி நிறுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1998-இல் மதுரைத் திட்டமும் 2005-இல் நூலகம் திட்டமும் தொடங்கிய பிறகு, தமிழ் நூல்களும் சிற்றிதழ்களும் பெருமளவில் மின்வடிவம் பெற்றுவிட்டன. பெரிய திட்டங்கள் ஒருபுறமிருக்க, தம் ஊர் மலர்களையும் பழைய இதழ்களையும் ஒளிவருடி, ஓய்வு நேரத்தில் சொந்தச் செலவில் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. அச்சுப் பிரதி கரையானுக்குப் போயிருக்கும். மின்பிரதி ஒன்றுதான் மிச்சம். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் அமைப்பை மாற்றும்போது நேரும் பிழைக்கு விலை அதிகம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இயக்கியை நிறுத்துவதால் தரவு அழிவதில்லை. தரவுக்குப் போகும் வழிதான் அடைபடுகிறது. தரவை அழிப்பவை பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் வரிசை தவறிச் செய்யப்படும் சில்லறை வேலைகள். ஆகவே இங்கே திறமையைவிட வரிசை முக்கியம்.

சில சொற்கள்

கொள்கலன் என்ற உவமை கப்பல் வாணிபத்திலிருந்து வந்தது. லண்டன்வாசிகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமுக்கு அருகே இருக்கும் ராயல் டாக்ஸ் துறைகள் 1981-இல் வாணிபக் கப்பல்களுக்கு மூடப்பட்டன. இரும்புப் பெட்டிகளைச் சுமந்த பெரிய கப்பல்களுக்கு அந்தத் துறைகள் ஒத்துவரவில்லை; அவை ஆற்றின் கீழ்ப்புறம் டில்பரிக்குப் போயின. அந்த ராயல் விக்டோரியா துறையின் கரையில் இன்று நிற்கும் எக்ஸெல் அரங்கில்தான், 2025 ஏப்ரல் 1 முதல் 4 வரை, மென்பொருள் கொள்கலன்களுக்கான 'குபெகான்' ஐரோப்பிய மாநாடு நடந்தது. சரக்கு எதுவானாலும் பெட்டி ஒரே அளவு என்பது துறைமுகத்தில் எவ்வளவு பெரிய மாற்றமோ, நிரல் எதுவானாலும் பொதி ஒரே வடிவம் என்பது கணினியில் அவ்வளவு பெரிய மாற்றம்.

கொள்கலன்களை எந்தக் கணினியில் ஏற்றுவது, விழுந்தால் எங்கே மறுபடி எழுப்புவது என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் 'குபெர்னெட்டீஸ்'. கூகுள் 2014-இல் வெளியிட்டது. பெயர் கிரேக்கச் சொல். கப்பலைச் செலுத்துபவன் என்று பொருள். பழந்தமிழில் மீகாமன்.

கொள்கலன் நிலையற்றது. அது நின்று மறுபடி எழும்போது உள்ளே எழுதியவை போய்விடும். ஆகவே நிலைத்திருக்க வேண்டிய தரவுக்குத் தனிச் சேமிப்பு வேண்டும். அந்த ஏற்பாட்டை ஒரு நூலகமாக எண்ணிப் பார்க்கலாம்.

நிரல் தனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு 'கோரிக்கை' (பெர்சிஸ்டண்ட் வால்யூம் கிளெய்ம்). அதற்கு ஒதுக்கப்படும் உண்மையான இடம் 'தொகுதி' (பெர்சிஸ்டண்ட் வால்யூம்). எந்த மாதிரி இடம் என்று குறிப்பது 'சேமிப்பு வகை' (ஸ்டோரேஜ் கிளாஸ்). சீட்டை வாங்கிக்கொண்டு கிடங்குக்குள் போய் எடுத்து வந்து மேசையில் வைத்து, முடிந்ததும் திரும்பக் கொண்டு போகும் ஊழியர்தான் 'இயக்கி'.

அந்த ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? கிடங்கில் உள்ள நூல்கள் அப்படியே இருக்கும். மேசைக்கு வந்துவிட்ட நூலைப் படித்துக்கொண்டிருப்பவர் தொடர்ந்து படிக்கலாம். புதுச் சீட்டு கொடுத்தவருக்குப் பதில் வராது. படித்து முடித்த நூலைத் திரும்ப எடுத்து வைக்கவும் ஆள் இருக்காது. கொத்திலும் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது.

லண்டனில் பிறந்த ஓர் இயக்கியின் கதை

'உள்ளமைந்த' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தொடக்க காலத்தில் சேமிப்பு இயக்கிகளின் நிரல்வரிகள் குபெர்னெட்டீஸின் மூலத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. இது பழைய பொருள். பின்னர், இயக்கி தனியாக இருந்தாலும் கொத்தை அமைக்கும்போதே கூட நிறுவப்பட்டு வருவதையும் அப்படிச் சொல்லத் தொடங்கினார்கள். இது இன்றைய பொருள்.

பழைய வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு 'ஸ்டோரேஜ் ஓ.எஸ்.'. லண்டனில் 2015-இல் தொடங்கிய நிறுவனம் அது. கொத்தில் உள்ள கணினிகளின் வட்டுகளை ஒன்று சேர்த்து, ஒரு கணினி விழுந்தாலும் தரவு கிடைக்கும்படி செய்வது அதன் பணி. 2017-இல் வந்த குபெர்னெட்டீஸ் 1.7 பதிப்பில் அதன் இயக்கி மூலத்துக்குள்ளேயே இடம்பெற்றது. 

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. இயக்கியில் சிறு பிழை திருத்த வேண்டுமானாலும் குபெர்னெட்டீஸின் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். இயக்கியின் கோளாறு மீகாமனையே கவிழ்க்கவும் கூடும். இதற்காகவே சி.எஸ்.ஐ. என்ற பொது இடைமுகம் உருவாயிற்று. 2018 டிசம்பரில் வந்த 1.13 பதிப்பில் அது முழுமை பெற்றது. அதன்பின் இயக்கிகள் ஒவ்வொன்றாக மூலத்திலிருந்து வெளியேற்றப்பட்டன.

ஸ்டோரேஜ் ஓ.எஸ். நிறுவனமும் புதிய முறைக்கேற்ற தனி இயக்கியை வெளியிட்டது. மூலத்தில் இருந்த பழைய இயக்கி, 1.22 பதிப்பில் (2021) கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டு, 1.25 பதிப்பில் (2022 ஆகஸ்ட்) நீக்கப்பட்டது. நிறுவனம் 2021-இல் 'ஒண்டாட்' எனப் பெயர் மாறியது. 2023-இல் ஆகாமை நிறுவனம் அதை வாங்கியது.

அதே 1.25 பதிப்பில் நீக்கப்பட்ட இன்னொன்று 'ஃப்ளாக்கர்'. அதை உருவாக்கிய கிளஸ்டர்ஹெச்க்யூ, பிரிஸ்டல் நகரில் வேர்கொண்ட நிறுவனம். 2016 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. படைத்தவர்கள் கலைந்து போன பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அவர்களின் இயக்கி மூலத்துக்குள் கிடந்தது. உள்ளமைந்தது என்பதாலேயே ஒன்று பராமரிக்கப்படுகிறது என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரிய மேகக்கணி நிறுவனங்களின் பழைய இயக்கிகளுக்குத் தானியங்கி மொழிபெயர்ப்பு ஒன்று செய்து தரப்பட்டது: பழைய பெயரில் வரும் கோரிக்கையைப் புதிய இயக்கிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு. ஸ்டோரேஜ் ஓ.எஸ்., ஃப்ளாக்கர் ஆகியவற்றுக்கு அந்த வசதி இல்லை. பயனாளர் தாமே தரவை நகர்த்த வேண்டியிருந்தது. ஆகவே, பின்னால் வரும் படிகள் இன்றைக்கும் பயன்படும் பொது முறை.

ஏன் நிறுத்த வேண்டும்?

நிறுத்துவதற்கு நியாயமான காரணங்கள் மூன்று. ஒன்று, வேறு நல்ல சேமிப்பு அமைப்பை நிறுவியிருப்பீர்கள். இரண்டு அமைப்புகள் இருக்கும்போது புதுக் கோரிக்கைகள் எதற்குப் போகின்றன என்ற குழப்பம் வரும். இரண்டு, அதே இயக்கியின் வேறு பதிப்பை நீங்களே நிறுவிப் பராமரிக்க விரும்பலாம். மூன்று, பயன்படாத இயக்கி உயர்ந்த உரிமைகளுடன் எல்லாக் கணினிகளிலும் ஓடிக்கொண்டிருப்பது பாதுகாப்புக்கு நல்லதல்ல. இவற்றுள் ஒன்றும் பொருந்தாவிட்டால், சும்மா இருக்கும் இயக்கியை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

இரண்டு கொத்துகள், இரண்டு விளைவுகள்

வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் அதிகம் பயன்படுவது கே3எஸ். ரேஞ்சர் நிறுவனம் உருவாக்கிய சிறிய குபெர்னெட்டீஸ் இது. இதனுடன் 'லோக்கல் பாத்' என்ற இயக்கி கூடவே வரும். கோரிக்கை வந்தால் அந்தக் கணினியின் வட்டிலேயே ஒரு கோப்புறையை உருவாக்கித் தரும்; அவ்வளவுதான் அதன் வேலை. நகல் எடுக்காது. அந்தக் கணினி போனால் தரவும் போயிற்று. பலர் இதை நிறுத்த நினைப்பதற்கு இதுவே காரணம்.

இதை நிறுத்தினால், ஏற்கெனவே உள்ள நிரல்கள் பாதிப்பின்றி ஓடும். நின்று எழுந்தாலும் ஓடும். ஏனெனில் கோப்புறையை நிரலுடன் இணைப்பது கணினியில் உள்ள முகவரின் வேலை. லோக்கல் பாத்துக்கு அதில் பங்கில்லை. புதுக் கோரிக்கைகளும், பழையவற்றை அழிப்பதும் மட்டுமே நின்றுபோகும்.

மைக்ரோசாஃப்டின் ஏ.கே.எஸ். சேவையில் நிலைமை வேறு. அந்நிறுவனத்தின் 'யு.கே. சவுத்' வட்டாரம் லண்டனில் இருக்கிறது, 2016-இல் தொடங்கியது. ஏ.கே.எஸ்.ஸில் 1.21 பதிப்பு முதல் வட்டு, கோப்புப் பகிர்வு இரண்டுக்குமான சி.எஸ்.ஐ. இயக்கிகள் கொத்தோடு வருகின்றன. வட்டை மெய்நிகர் கணினியோடு பொருத்துவது, நிரலோடு இணைப்பது, பின் கழற்றுவது எல்லாம் இயக்கியின் வேலை.

ஆகவே இங்கே நிறுத்தினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இணைந்த வட்டு இணைந்தபடியே இருக்கும், தளம் திறக்கும், படங்கள் வரும். நிறுத்தியவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். பின்னொரு நாள் ஒரு கணினி பழுதாகியோ மேம்படுத்தலின்போதோ நிரல் வேறு கணினிக்கு நகரும். பழைய இடத்தில் வட்டைக் கழற்ற ஆளில்லை, புதிய இடத்தில் மாட்டவும் ஆளில்லை. நிரல் 'முடிந்துகொண்டிருக்கிறது' என்ற நிலையில் தொங்கும். புதியது 'உருவாகிக்கொண்டிருக்கிறது' என்று காத்திருக்கும். மாற்றம் செய்து வாரங்கள் ஆகிவிட்டதால் காரணமும் உடனே நினைவுக்கு வராது. இந்தத் தாமதம்தான் இவ்வேலையின் உண்மையான அபாயம்.

முறை

ஒரு சிற்றிதழ்த் தொகுப்புத் தளத்தை எடுத்துக்கொள்வோம். பக்கங்களின் படங்கள் ஒரு தொகுதியில். அட்டவணையும் தேடலும் இருக்கும் தரவுத்தளம் இன்னொரு தொகுதியில். இயக்கியை நிறுத்தச் செய்ய வேண்டியவை வரிசையாக:

1. கணக்கெடுங்கள். எல்லாத் தொகுதிகளையும் பட்டியலிட்டு, எந்த இயக்கி, எந்த வகை, எந்தக் கோரிக்கை, எந்த நிரல் என எழுதிக்கொள்ளுங்கள். இங்கே மூன்று இடங்களில் கண் தவறும். முதலாவது, பழைய உள்ளமைந்த இயக்கியின் பெயரைத் தாங்கிய தொகுதிகள். மொழிபெயர்ப்பு ஏற்பாட்டின் காரணமாக அவையும் இப்போது புதிய இயக்கியை நம்பியே ஓடுகின்றன. புதுப் பெயரை மட்டும் தேடினால் அகப்படா. இரண்டாவது, 'ஸ்டேட்ஃபுல் செட்' என்ற நிரல் வகைக்குள் இருக்கும் கோரிக்கை வார்ப்புரு. நிரலின் எண்ணிக்கையைக் கூட்டும்போது பழைய வகையிலேயே புதுக் கோரிக்கையை அது எழுப்பும். மூன்றாவது, 'ஸ்னாப்ஷாட்' எனப்படும் கணநேரப் படிகள். அவற்றைத் திறக்கவும் அந்த இயக்கிதான் வேண்டும்.

2. அழிக்கும் விதியை மாற்றுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும், கோரிக்கை நீங்கினால் தரவை என்ன செய்வது என்ற விதி உண்டு. 'டிலீட்' என்றால் அழித்துவிடும். 'ரிடெயின்' என்றால் வைத்திருக்கும். லோக்கல் பாத், ஏ.கே.எஸ். இரண்டிலும் வழக்கமான வகையின் விதி 'டிலீட்'. இதைத் தொகுதிகளில் 'ரிடெயின்' என்று மாற்றும் வரை ஒரு கோரிக்கையையும் தொடாதீர்கள். சேமிப்பு வகையில் மாற்றினால் போதாது. ஏற்கெனவே உருவான தொகுதிகளை அது பாதிக்காது. இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

3. காப்புநகல் எடுத்து, அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். தரவுத்தளத்துக்கு அதன் சொந்த ஏற்றுமதிக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் வரக்கூடும். நகல், கொத்துக்கு வெளியே இருக்க வேண்டும். வேறோர் இடத்தில் அதைத் திறந்து சில இதழ்களையாவது புரட்டிப் பார்த்த பின்பே அது காப்புநகல்.

4. புதிய சேமிப்பை நிறுவி, இயல்பு வகையை மாற்றுங்கள். பழைய வகையிலிருந்து 'இயல்பு' அடையாளத்தை எடுத்துவிட்டுப் புதியதற்குக் கொடுங்கள். இரண்டுக்கும் அடையாளம் இருந்தால், கடைசியாக உருவாக்கப்பட்ட வகையே தேர்வாகும். அந்தத் தற்செயலை நம்ப வேண்டாம். சிறு கோரிக்கை ஒன்றை எழுப்பிச் சோதியுங்கள். அது 'காத்திருப்பு' நிலையில் நின்றால் பதற வேண்டாம். நிரல் ஒன்று பயன்படுத்தும்வரை இடம் ஒதுக்காத வகைகளும் உண்டு.

5. தரவை நகர்த்துங்கள். உருவான கோரிக்கையின் வகையை மாற்ற முடியாது. ஆகவே புது வகையில் புதுக் கோரிக்கை வேண்டும். நிரலை நிறுத்தி, தற்காலிகக் கொள்கலன் ஒன்றில் பழையதையும் புதியதையும் சேர்த்து இணைத்து, உரிமையாளர் குறிப்புகளும் அனுமதிகளும் மாறாமல் நகலெடுங்கள். கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுங்கள். கே3எஸ்ஸில் அந்தத் தற்காலிகக் கொள்கலன், பழைய கோப்புறை இருக்கும் அதே கணினியில் ஓட வேண்டும். ஸ்டேட்ஃபுல் செட்டின் வார்ப்புருவைத் திருத்த முடியாது. அதை மட்டும் நீக்கி, கோரிக்கைகளை விட்டுவைத்து, புதிய வார்ப்புருவோடு மறுபடி உருவாக்க வேண்டும்.

6. சில நாள் ஓட விடுங்கள். வாசகர் பயன்படுத்தட்டும். புதிய இதழ் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். பழைய தொகுதிகள் தொடப்படாமல் இருக்கட்டும்.

7. பழைய கோரிக்கைகளை நீக்குங்கள், இயக்கி உயிரோடிருக்கும்போதே.  வட்டுகளைப் பொருத்தியதற்கான பதிவுகள் மறைவதை உறுதிசெய்துகொள்ளுங்கள். 'ரிடெயின்' விதியால் வட்டுகள் அப்படியே இருக்கும். தேவை தீர்ந்த பின் அவற்றைத் தனியே போய் அழிக்க வேண்டும். மறந்தால் மாதாமாதம் பில் வரும்.

8. இப்போது நிறுத்துங்கள். ஏ.கே.எஸ்.ஸில் கொத்தைப் புதுப்பிக்கும் கட்டளையில், வட்டு இயக்கி, கோப்பு இயக்கி, ஸ்னாப்ஷாட் கட்டுப்படுத்தி ஒவ்வொன்றையும் நிறுத்தத் தனித்தனி விருப்பத்தேர்வு உண்டு. வேண்டியதை மட்டும் நிறுத்துங்கள். கே3எஸ்ஸில் வழங்கியின் கட்டமைப்புக் கோப்பில் 'டிசேபிள்' பட்டியலில் 'லோக்கல்-ஸ்டோரேஜ்' என்ற பெயரை (ஆங்கில எழுத்துகளில்) சேர்த்து, சேவையை மறுபடி தொடக்க வேண்டும். வழங்கிகள் பல இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். இயக்கியின் கொள்கலன்களைக் கையால் அழிப்பது பயன் தராது. அமைப்பு அவற்றை மறுபடி கொண்டுவந்து நிறுத்திவிடும்.

9. வேண்டுமென்றே நகர்த்திப் பாருங்கள். ஒரு கணினியைக் காலி செய்து, அதில் உள்ள நிரல்களை வேறு கணினிக்குப் போகச் செய்யுங்கள். பின் அடுத்ததை. எல்லா நிரல்களும் ஒருமுறையாவது இடம் மாறி எழுந்த பின்னரே வேலை முடிந்தது எனலாம். வாரங்கள் கழித்து நள்ளிரவில் வரவிருந்த தேர்வை, பகல் வெளிச்சத்தில் நாமே எழுதிவிடுவது இது.

வரிசை தவறிவிட்டால்

இயக்கியை முதலில் நிறுத்திவிட்டுக் கோரிக்கைகளை அழிக்கப் போனவர்கள், அவை 'முடிந்துகொண்டிருக்கிறது' என்று மணிக்கணக்கில் தொங்குவதைக் காணக்கூடும். 'ஃபைனலைசர்' என்ற பூட்டு இதற்குக் காரணம். உரிய வேலை முடியும்வரை பதிவை அழிக்க விடாத பூட்டு அது; இயக்கி தன் வேலையை முடிக்காமல் அது திறக்காது. பூட்டைக் கையால் உடைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். உடைத்தால் பதிவு மறையும்; வட்டு எந்தக் கோரிக்கைக்கு உரியது என்ற குறிப்பும் சேர்ந்து மறையும். ஒரே அளவுள்ள பெயர் தெரியாத வட்டுகளில் நம் தொகுப்பு எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரும்.

சரியான பரிகாரம் எளிது. இயக்கியை மறுபடி இயக்குங்கள். ஏ.கே.எஸ்.ஸில் அதற்கும் விருப்பத்தேர்வு உண்டு. கே3எஸ்ஸில் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் போதும். தொங்கியவை தாமாகவே முடியும். ஆனால் அதற்கு முன் தொகுதிகளின் விதி 'ரிடெயின்' ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், திரும்பி வந்த ஊழியர் முதல் வேலையாக, நிலுவையில் இருக்கும் அழிப்பு உத்தரவை நிறைவேற்றிவிடுவார்.

நூலகம் தரும் பாடம்

2023 அக்டோபர் 28-ஆம் தேதி லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. பழந்தமிழ் அச்சு நூல்கள் பல இருக்கும் அந்நூலகத்தின் மின்பட்டியல் வாரக்கணக்கில் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் நூலகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. மின்சேகரங்களின் பாதுகாப்பான படிகள் தம்மிடம் இருந்தன என்றும், அவற்றை மீட்டு வைக்கத் தகுந்த கட்டமைப்பு இல்லாததே தாமதத்துக்குக் காரணம் என்றும் அது சொல்கிறது. தாக்கியவர்கள் வழங்கிகளையும் அழித்திருந்தார்கள். பழைய அமைப்புகள் பலவற்றை முன்பிருந்தபடி மீண்டும் எழுப்ப இயலவில்லை.

அது பகைவர் செய்தது. நாம் இங்கே பேசியது நாமே விரும்பிச் செய்யும் பராமரிப்பு. இரண்டிலும் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். தரவு இருப்பது வேறு, தரவை எடுத்துப் படிக்க முடிவது வேறு. கிடங்கில் நூல் பத்திரமாக இருந்தும் வாசகன் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். இயக்கிகள் வரும், போகும். அவற்றைப் படைத்த நிறுவனங்களும் பெயர் மாறும், மறையும். ஆகையால் எந்த இயக்கியில் தொகுப்பை வைக்கும்போதும், அதிலிருந்து வெளியே எடுக்கும் வழியை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தளத்தைப் பராமரிப்பவர் ஒருவரே என்றால், அந்தத் தாள் இன்னொருவர் கையிலும் இருக்கட்டும்.